மொன்ட்ரியாலில் அச்சான கல்வெட்டு

கனடாவுக்குப் போய் வந்தேன் என்றால் நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, நயாகரா பார்த்தீர்களா என்பது. பார்க்கவில்லை. ரொறன்ரோப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஏழு நாளும் மொன்ட்ரியாலில்தான் நின்றேன். போனது ஒரு கல்வெட்டுக்காக.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அடித்து, கிரியைக்கு வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். முன்பக்கத்தில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி மரம். தேவாரத்தை ஒருவரும் படிக்க மாட்டார்கள். நேரே மரத்துக்குத்தான் போவார்கள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. பெயர் விடுபட்டதற்காகப் பத்து வருடம் முகம் பார்க்காமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கல்வெட்டு என் அப்பாவுக்கு. இராசநாயகம். எண்பதுகளின் தொடக்கத்தில் மொன்ட்ரியாலில் போய் இறங்கிய எங்கள் ஊர் ஆட்களில் முதலாவது ஆள் அவர்தான். அவர் கைகொடுத்து அங்கே வந்து சேர்ந்தவர்களை வைத்து இன்றைக்கு ஒரு குறிச்சியே நடத்தலாம். கைகொடுக்காமல் விட்டது இரண்டு பேருக்கு. ஒன்று அம்மா, மற்றது நான். அவர் போகும்போது எனக்கு மூன்று வயது. நாலு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அங்கே வேறு கலியாணம் கட்டி ஒரு மகனும் இருக்கிறான் என்ற கதை காற்றுவாக்கில் வந்து சேர்ந்தது.

அவர் இறந்தபோது இணையத்தில் வந்த மரண அறிவித்தலைப் பக்கத்து வீட்டுப் பெட்டை போனில் காட்டினாள். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, அன்பு மாமனார் என்று நீட்டுக்குப் பெயர்கள். அம்மாவின் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை. அன்று பின்னேரம் ஊர்ப் பெண்கள் வந்து, அம்மாவின் பொட்டை அழிப்பதோ விடுவதோ என்று தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

“அங்க இருக்கிற அவை ஒரு கடுதாசியில என்னை அந்த மனுசன்ர பெண்சாதி எண்டு போடட்டும். பேந்து நானே அழிக்கிறன்” என்றார். ஒரு வருடமாகப் பொட்டோடுதான் இருந்தார்.

அதனால்தான் ரமணன் தொலைபேசி எடுத்தபோது நான் உருகிப் போனேன். ரமணன் அப்பாவின் அந்தப் பக்கத்து மகன். முப்பத்தைந்து வயது. எடுத்த எடுப்பில் “அக்கா” என்றான். ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டு அடிக்கப் போகிறார்களாம். அப்பாவின் அப்பாவுக்கு அப்பா யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாதாம். “நீங்கள் வந்து நிண்டா எல்லாம் சரியா எழுதலாம்” என்றான். நான் பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரைக் கட்டினார்கள் என்று ஊருக்கெல்லாம் பிரதி எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அப்பாவின் பக்கம் ஐந்து தலைமுறை என்னிடம் எழுத்தில் இருந்தது. அம்மா ஒன்றுதான் சொன்னார். “பேரைப் போடச் சொல்லு. புத்தகத்தைக் கையோட கொண்டு வா.”

விசாவுக்கு ரமணன் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் நான் அவனுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று இருந்தது. விசாவுக்காக அப்படி எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சனம் விசாவுக்காக எழுதாத பொய்யா?

*

ஒக்ரோபர் கடைசி. விமான நிலையத்தில் ஒரு இளம் அதிகாரி என் பெட்டியைத் திறந்து ஒடியல் மாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா என்று எந்த இங்கிலீசில் சொல்வது? “மரம், வேர், சாப்பாடு” என்று மூன்று சொல்லில் சொன்னேன். அவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டான். இருவரும் மணந்து பார்த்துவிட்டு, பாவம் மனுசி இதையா சாப்பிடுகிறது என்கிற முகத்தோடு திருப்பித் தந்தார்கள்.

வெளியே ரமணன் நின்றான். அப்பாவின் படத்தில் இருக்கிற அதே நெற்றி. என் பெட்டியை வாங்கி, தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். காரில் ஏறியதும் போனில் மனைவியோடு பிரெஞ்சில் கதைத்தான். அவள் அந்தக் கெபெக் மாகாணத்து வெள்ளைக்காரி, பெயர் மிரேய். கதையின் நடுவில் ‘கூசின்’ என்றது எனக்கு விளங்கிவிட்டது. இங்கிலீசில் கசின் என்கிற அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு படித்திருக்கத் தேவையில்லை.

“ஏன் தம்பி, அவளுக்கும் விசா எடுக்கவேணுமோ?” என்றேன். அவன் வீதியைப் பார்த்து ஓட்டினான்.

வீடு பியர்பொன்ட்ஸில். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிப் புல், தெருவில் ஒரு மனித நடமாட்டம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் இப்படி அமைதியாக இருந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ரமணனின் அம்மா கதவைத் திறந்தார். நான் அவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவதாக விமானத்திலேயே முடிவுசெய்து வைத்திருந்தேன். கூப்பிட்டபோது அவர் முகம் ஒருகணம் இறுகியது. பிறகு, “வாங்கோ பிள்ளை, குளிருது, உள்ள வாங்கோ” என்றார். விறாந்தைச் சுவரில் அப்பாவின் படம், கீழே மின்விளக்கு. எனக்கு மூன்று வயதில் போன மனிதரை எழுபது வயதுக்காரராகப் பார்த்தேன். அழுகை வரவில்லை. விசர்க் கோபம்தான் வந்தது.

சின்னம்மா கெட்டிக்காரச் சமையல்காரி. அடுத்த நாள் நான் கொண்டுபோன ஒடியல் மாவிலேயே கூழ் காய்ச்சினார். நண்டும் றாலும் போட்டு, பலாக்கொட்டைக்குப் பதிலாக ஏதோ வெள்ளைக் கிழங்கு வெட்டிப் போட்டு. “அவருக்கு இதெண்டா உயிர்” என்றார். எனக்கு அது தெரியாது. என் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்பதை நான் இன்னொருத்தி வாயால் கேட்டுக்கொண்டு, உறைப்பு என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

*

மூன்றாம் நாள் மொன்ட்ரியால்-நோருக்குப் போனேன். கல்வெட்டை எழுதுகிற சோமசுந்தரம் மாமா அங்கேதான் இருக்கிறார். அப்பாவோடு முதல் முதல் ஒரே அறையில் இருந்தவர். ரமணனுக்கு வேலை. எந்த பஸ், எங்கே மாறவேண்டும் என்று கடதாசியில் எழுதித் தந்தான். நான் மாறவேண்டிய இடத்தில் சரியாக இறங்கி, சரியான இலக்க பஸ்ஸில், பிழையான பக்கத்துக்கு ஏறினேன். முக்கால் மணித்தியாலம் கழித்துக் கடைகளும் போய், வெறும் களஞ்சியங்கள் வரத் தொடங்கியபோதுதான் உறைத்தது. சாரதி பிரெஞ்சில் என்னவோ சொன்னான். பக்கத்தில் இருந்த ஹெயிட்டிக்காரி என் கடதாசியை வாங்கிப் பார்த்தாள். தானும் இறங்கி, வீதியைக் கடந்து, சரியான பஸ் வரும்வரை அந்தக் குளிரில் என்னோடு நின்றாள். தன் பையிலிருந்து வாழைக்காய்ப் பொரியல் தந்தாள். எங்கள் வீட்டு வாழைக்காய்ப் பொரியல்தான், உப்புக் கொஞ்சம் தூக்கல். அந்த ஏழு நாளில் நீ யார், யாருடைய ஆள் என்று கேட்காமல் எனக்கு உதவியது அவள் ஒருத்திதான்.

மொன்ட்ரியால்-நோரில் மாடிப்படிகளை வீட்டுக்கு வெளியே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பனி கொட்டுகிற ஊரில் இரும்புப் படியை வெளியே வைக்க எந்த மூளை சொன்னதோ தெரியாது. ஏறிப் போனபோது மாமா கதவடியில் நின்றார். எழுபத்தைந்துக்கு மேல். பால் விடாத பிளேன்ரீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, நான் கேட்காமலே கதையைத் தொடங்கினார்.

“வந்த புதுசில எங்களுக்கு என்ன தெரியும் பிள்ளை? கலியாணம் கட்டாத பெடியன் எண்டு சொன்னாக் கெதியா விடுவாங்கள் எண்டு ஒருத்தன் சொன்னான். உங்கட அப்பா அகதி விசாரணையில அப்பிடியே சொல்லிப்போட்டார். அவர் மட்டுமில்லை, கனபேர் சொன்னவை.”

“பேந்து உண்மையைச் சொல்லியிருக்கலாமே, மாமா?”

“அங்கதான் பிழைச்சது. முதல்ல சொல்லாமல் விட்ட பெண்சாதி பிள்ளையைப் பேந்து கூப்பிட ஏலாது எண்டு சட்டம். பொய் சொன்னதெண்டு தெரிஞ்சா தன்னையும் திருப்பி அனுப்புவாங்கள் எண்டு பயம். நாலு வருசம் இந்த மேசையில இருந்துதான் உங்களுக்குக் கடிதம் எழுதினவர். எழுதிப்போட்டு அழுவார். பேந்து எழுதுறதை விட்டார்.”

“அழுறதையும் விட்டிருப்பார்” என்றேன்.

நான் என் பையிலிருந்து ஐந்து தலைமுறையையும் எடுத்து விரித்தேன். அதோடு அம்மா அப்பாவின் விவாகப் பதிவின் பிரதியையும் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்து மரம் கீறினோம். அப்பாவின் பெயரிலிருந்து இரண்டு கோடு இறக்கினார். ஒரு கோட்டின் முனையில் ‘முதல் மனைவி பூமணி’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘மகள் சுகந்தி’ என்று என்னை எழுதினார். மற்றக் கோட்டில் சின்னம்மா, ரமணன். “இதுதான் ஞாயம்” என்றார். அந்தப் பென்சில் எழுத்தைப் போனில் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். அச்சானதையே காட்டுவோம் என்று விட்டுவிட்டேன்.

*

ஐந்தாம் நாள் லொங்குய்யில் மிரேயின் அம்மா வீட்டில் சாப்பாடு. ரமணனின் வேலையும் அந்தப் பக்கம்தான், மெற்றோவில் வரச் சொன்னான். மஞ்சள் கோட்டில் ஏறினால் ஆற்றுக்கு அடியால் கொண்டுபோய் அக்கரையில் விடுகிறது. பெரிய ஆறு என்று சொல்கிறார்கள், நான் கண்டது இருட்டு மட்டும்தான். எங்களுக்கு ஆறே இல்லை. தண்ணீரைக் கடப்பதென்றால் வெளிச்சத்தில், வள்ளத்தில், காலை நனைத்துக்கொண்டு கடப்போம்.

மிரேயின் அம்மா மடாம் ஜினெத் எண்பதை எட்டியவர், ஆனால் ஆள் குமரி மாதிரிச் சுறுசுறுப்பு. இறைச்சி வைத்துச் சுட்ட ஒரு தட்டப்பம் செய்திருந்தார். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ரமணன் மேசைக்குக் கீழால் ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூளை என் கையில் வைத்தான். இவன் நல்ல பெடியன்தான், அதுதான் என் கோபத்தைக் கூட்டியது.

சாப்பாட்டு அறைச் சுவரில் விசிறி மாதிரி ஒரு பெரிய படம். நடுவில் மடாமின் பெயர், சுற்றிவரப் பன்னிரண்டு தலைமுறை. எனக்குக் கை துருதுருத்தது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். மடாம் பிரெஞ்சில் சொல்ல ரமணன் தமிழாக்கினான். எல்லாம் கோயில் பதிவேடாம். பாதிரிமார் பிறப்பு, கலியாணம், சாவு ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஓய்வெடுத்த பிறகு மடாமுக்கு அதைத் தோண்டுவதே வேலை.

“இவர்தான் பிரான்ஸில இருந்து வந்த முதல் ஆளாம்” என்று ரமணன் விசிறியின் விளிம்பைக் காட்டினான். “கப்பல்ல வந்து, காடு வெட்டி, வீடு கட்டி...”

மடாம் இடையில் மறித்துச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். மிரேயும் சிரித்தாள். ரமணன் சிரிக்கவில்லை.

“என்னவாம்?” என்றேன்.

“சும்மா, பழைய கதை அக்கா.”

“சொல்லு தம்பி.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “அந்த மனுசன் பிரான்ஸில ஒரு மனுசியை விட்டிட்டு வந்தவராம். இஞ்ச கலியாணம் கட்டேல்லை எண்டு பாதிரியாருக்குச் சொல்லி, இன்னொரு பொம்பிளையைக் கட்டினவராம். பேந்து அவற்ற ஊர்க்காரன் ஒருத்தன் அடுத்த கப்பல்ல வந்து இறங்க, கதை வெளியில வந்திட்டுதாம். பாதிரியார் அதையும் எழுதி வைச்சிட்டாராம்.”

மடாம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கள்ளன் இல்லையென்றால் நாங்கள் ஒருவரும் இல்லை என்கிறாராம். முந்நூறு வருடம் போனால் எல்லாம் பகிடிதான்.

“அந்த முதல் மனுசியின்ர பேர் இந்தப் படத்தில இருக்கோ எண்டு கேள்” என்றேன். அவன் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தான். நான் எழும்பி, அந்தப் பெயரடியில் விரலை வைத்து மடாமைப் பார்த்தேன். மொழி தேவைப்படவில்லை. மடாமும் எழும்பி வந்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். பதிவேட்டில் பெயர் இல்லாமல், முதல் மனைவி என்று மட்டும் இருந்ததாம், ரமணன் மெதுவாகத் தமிழாக்கினான். பிரான்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுப் பெயரைத் தேடி எடுத்தாராம். அவளை விட்டால் படம் பொய்யாகிவிடும் என்றாராம்.

பிறகு மடாம் என் தோளில் கைவைத்து என்னிடம் ஏதோ கேட்டார். ரமணன் முந்திக்கொண்டு ஒரு சொல்லில் பதில் சொன்னான். மடாம் தலையாட்டினார்.

“என்ன கேட்டவ?”

“நீங்கள் அப்பாவுக்கு என்ன முறை எண்டு.”

“நீ என்ன சொன்னனி?”

“அக்கா, என்ர அம்மாவும் பாவம்தானே” என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை திவசம். ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். ஐயர் கிரியைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார், பின்னால் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கல்வெட்டு அன்று காலைதான் அச்சகத்திலிருந்து இரண்டு பெட்டியில் வந்தது. “அக்கா, நீங்கள் வாசல் மேசையில இருந்து ஆக்களுக்குக் குடுக்கிறியளோ?” என்று ரமணன் கேட்டான். மகளுக்கு ஒரு வேலை தந்திருக்கிறான் என்று சந்தோசமாகப் போய் இருந்தேன்.

ஒன்றை எடுத்தேன். நானும் நேரே மரத்துக்குத்தான் போனேன். நான் கொடுத்த ஐந்து தலைமுறையும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. அப்பாவுக்குக் கீழே ஒரே கோடு. மனைவியென்று சின்னம்மா, மகனென்று ரமணன். அப்பாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கிளை. ‘சகோதரி பூமணி.’ அதற்குக் கீழே, ‘மருமகள் சுகந்தி.’

பெயரைப் போடச் சொன்னார் அம்மா. போட்டிருந்தார்கள். கட்டின மனுசனுக்குத் தங்கச்சியாக்கிப் போட்டிருந்தார்கள்.

வரிசையில் முதலாவதாக நின்றது சோமசுந்தரம் மாமா. என் கையில் இருந்த பக்கத்தைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்தினார். “நான் சரியாத்தான் குடுத்தனான் பிள்ளை. அச்சுக்குப் போக முதல் அவை மாத்திப்போட்டினம்” என்றார். புத்தகத்தை வாங்காமல் உள்ளே போனார்.

எங்கள் கந்தோரில் பதிவில் பிழை இருந்தால் அழிக்கக்கூடாது. பிழையான சொல்லின் மேல் ஒரு கோடு, அது வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும். மேலே சரியான சொல். ஓரத்தில் கையெழுத்து. நான் பேனையை எடுத்தேன். சகோதரியை வெட்டி ‘முதல் மனைவி’. மருமகளை வெட்டி ‘மகள்’. ஓரத்தில் என் கையெழுத்து. மூடி, இரண்டு கையாலும் கொடுத்தேன். அடுத்தது. அடுத்தது. வரிசை நீண்டது. ஒரு பெரியவர், “நீங்களோ பிள்ளை இதை எழுதினது? கையெழுத்தும் வைச்சுத் தாறியள்” என்றார். “ஓம் ஐயா” என்றேன். சிலர் பார்க்காமலே பைக்குள் வைத்தார்கள். ஒரு மனுசி மரத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார், உள்ளே போனார், இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் விட்டார்.

ஒரு பெட்டி முடியும்போது சின்னம்மா வந்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். என் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தார்.

“கலியாணம் கட்டாத ஆள் எண்டுதான் எனக்கும் சொன்னவை” என்றார். “ரமணன் வயித்தில இருக்கேக்கதான் உங்கட அம்மான்ர கடிதம் ஒண்டைக் கண்டனான். அந்த நேரம் நான் எங்க போறது?”

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“உங்கட அம்மா பெண்சாதி எண்டா நான் ஆர் பிள்ளை? நீங்கள் பதியிற கந்தோரில இருக்கிறியள். உங்களுக்குத் தெரியும்தானே. சொல்லுங்கோ, நான் ஆர்?”

எனக்குத் தெரியும். முதல் கலியாணம் இருக்க நடந்த கலியாணத்துக்குச் சட்டத்தில் ஒரு சொல் உண்டு. அதில் பிறந்த பிள்ளைக்கும் ஒரு சொல் உண்டு. இரண்டையும் நான் எத்தனையோ கோப்பில் எழுதியிருக்கிறேன். வாய்வரை வந்தது. உள்ளே ரமணன் மேற்சட்டை இல்லாமல், தர்ப்பையோடு, ஐயர் சொல்கிற மந்திரத்தைத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

பேனையை மூடினேன். சின்னம்மா மற்றப் பெட்டியைத் தானே பிரித்து, என்னைப் பார்க்காமல், அச்சடித்தபடியே கொடுக்கத் தொடங்கினார்.

நான் வெளி மண்டபத்துக்குப் போய் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

“பேர் போட்டிருக்கினமோ?”

“ஓம் அம்மா.”

“என்னண்டு போட்டிருக்கு?”

“முதல் மனைவி எண்டு.”

“அச்சிலயோ?”

பொய் சொல்ல நல்ல இடம் அதுதான். அப்பாவும் இந்த ஊரில் அப்படியொரு இடத்தில்தான் நின்றிருப்பார்.

“இல்லை. நான் பேனையால எழுதினனான்.”

அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு நாய் குரைப்பது கேட்டது.

“நீ எழுதினது எனக்கு என்னத்துக்கு?” என்றார். “நீ கை வைக்காத ஒண்டை எடுத்துக்கொண்டு வா. அவை என்னை என்னண்டு போட்டிருக்கினம் எண்டு நான் பாக்கவேணும்.”

திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்தபோது சின்னம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே ஒன்றை இரண்டு கையாலும் தந்தார். வாங்கிப் பையில் வைத்தேன்.